மாலரியின் லான்சலாட் சத்தியத்தை மீறினானா?

ஏட்டுச்சுவடி கேட்டது:
தாமஸ் மாலரியின் ஆர்தர் கதையை 1485 காக்ஸ்டன் பதிப்பின் வழியில் படித்து வருகிறேன். ஆர்தர் அரசனின் வட்டமேசை வீரர்கள் ஆண்டுதோறும் பெந்தெகொஸ்தே திருநாளில் சத்தியம் செய்கிறார்கள். நியாயமில்லாத வழக்கில் வாளெடுப்பதில்லை என்பதும் அதில் உண்டு. ஆர்தரின் மனைவி கினிவியர் அரசியோடு உறவு வைத்திருக்கும் வட்டமேசை வீரன் லான்சலாட்டே அவளுக்காகத் திரும்பத் திரும்பக் களமிறங்குகிறான். இது சத்திய மீறல் இல்லையா?

தாழ்வாரம்:
மூன்றாம் புத்தகம், 15ஆம் அத்தியாயத்தை நிதானமாகப் படியுங்கள். அடாத செயல், கொலை, துரோகம் கூடாது. உயிர்ப்பிச்சை கேட்டவனுக்கு மறுத்தால் மானமும் ஆர்தரின் தயவும் போகும். பெண்களுக்குத் துணை நிற்க வேண்டும், தவறினால் மரணம். வேறொருவன் மனைவி என்ற பேச்சே இல்லை. 1934இல் வின்செஸ்டரில் கிடைத்த கையெழுத்துப் பிரதியில் மரண தண்டனை பெண்ணைப் பலவந்தம் செய்வதற்குத்தான். காக்ஸ்டன் அச்சில் அந்தச் சொற்கள் விடுபட்டிருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது.

இந்த விதிகள் சும்மா வரவில்லை. சற்று முன்புதான் கவேன் என்ற வீரன், சரணடைந்தவனுக்கு உயிர்ப்பிச்சை மறுத்து வாளை ஓங்க, குறுக்கே விழுந்த பெண்ணின் தலை போகிறது. அந்தத் தலையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டுதான் அரண்மனைக்குத் திரும்புகிறான்.

முள்வேலி:
வழக்குகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள். 18ஆம் புத்தகத்தில் அரசியின் விருந்தில் நஞ்சூட்டிய ஆப்பிளைத் தின்று பாட்ரிஸ் என்ற வீரன் சாகிறான். மேடர் என்ற வீரன் அரசிமேல் கொலைப்பழி போடுகிறான். நஞ்சு வைத்தவன் பினெல், குறி கவேன். அரசி நிரபராதி, ஆகவே இங்கே சத்தியத்துக்குப் பழுதில்லை.

சிக்கல் 19ஆம் புத்தகத்தில். ஜன்னல் கம்பியைப் பெயர்த்து அரசியிடம் போகும் லான்சலாட்டின் கை எலும்புவரை கிழிகிறது. படுக்கையில் ரத்தம் பார்த்த மெலியகாண்ட் (அரசியைக் கடத்தி வைத்திருந்த வீரன்), அதே அறையில் காயத்தோடு கிடந்த பத்து வீரர்களில் ஒருவன்தான் அவளோடு இருந்தான் என்று குற்றம் சாட்டுகிறான். லான்சலாட் மறுப்பதும் அதைத்தான்: அந்தப் பத்துப் பேரில் எவனும் இல்லை. சொல்லளவில் உண்மை. வழக்கை இருவர் சண்டையிட்டுத் தீர்க்கும் துவந்த யுத்தத்தில் தீர்ப்பு, சாட்டப்பட்ட வாசகத்துக்கு மட்டுமே. மெலியகாண்ட் ஆள் யாரென்று சொல்லாமல் விட்டிருந்தால் லான்சலாட் மாட்டியிருப்பான்.

ஏட்டுச்சுவடி:
சரி. ஆனால் அந்தச் சண்டையில் மெலியகாண்ட் சரணடைந்த பிறகும் கொல்கிறானே?

முள்வேலி:
அது இன்னும் கூர்மையான இடம். மெலியகாண்ட் உயிர்ப்பிச்சை கேட்கிறான். லான்சலாட் அரசியைப் பார்க்கிறான். அவள் தலையசைப்பில் ‘கொல்’ என்கிறாள். சத்தியம் ஒருபக்கம், அவள் விருப்பம் மறுபக்கம். எழுந்து போரிடு என்கிறான், அவன் மறுக்கிறான். தலைக்கவசத்தையும் இடப்பக்கக் கவசத்தையும் கழற்றி, இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வருகிறேன் என்றதும் மெலியகாண்ட் பேராசையில் எழுகிறான். அடுத்த வீச்சில் அவன் தலை பிளக்கிறது. எழுந்து வந்தவன் சரணடைந்தவன் அல்ல என்பது கணக்கு. எனக்கு இது வெறும் வக்கீல் வேலை.

தாழ்வாரம்:
வக்கீல் வேலைதான், அது 20ஆம் புத்தகத்தில் எடுபடவில்லை. அரசனின் மனைவியோடு உறவு என்பது துரோகம். துரோகம் சத்தியத்திலேயே இருக்கிறது. அரசியோடு இருக்கும் லான்சலாட்டைப் பிடிக்க வந்த அக்ராவெயினும் மார்ட்ரெட்டும் அறை வாசலில் கத்துவதும் ‘துரோகி’ என்றுதான். இம்முறை ஆர்தர் துவந்த யுத்தத்துக்கே இடம் தரவில்லை, அரசிக்கு நேரே சிதை. அவளை மீட்கும் கைகலப்பில், ஆயுதமில்லாமல் நின்ற கவேனின் தம்பிகள் காரத், காஹெரிஸ் இருவரையும் அடையாளம் தெரியாமல் லான்சலாட் வெட்டிவிடுகிறான். காரத்தை வீரனாக்கியவனே லான்சலாட். வட்டமேசை உடைவதற்கு அந்த உறவைவிட, தம்பிகளை இழந்த கவேன் சமாதானத்துக்கு இறங்காததே பெரிய காரணம் என்பேன்.