குழந்தையின் வாயில் வெள்ளை: பாலா, பங்கசா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்

பிள்ளையின் நாக்கு வெள்ளையாக இருக்கிறதே என்று இங்கே பலர் கேட்டிருப்பதால் எங்கள் அனுபவத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாக்கில் மட்டும் மெல்லிய வெண்மை ஒரே சீராக இருந்தால் பெரும்பாலும் அது பால்தான். ஈரத்துணியை விரலில் சுற்றி மெதுவாகத் தொட்டால் போய்விடும். எங்கள் மகளுக்கு அப்படி இல்லை. அவள் கொட்டாவி விட்டபோது எட்டிப் பார்த்தேன். கன்னத்தின் உட்புறத்திலும் கீழுதட்டுக்குள்ளும் தயிர்த்துணுக்குப் போல வெள்ளைத் திட்டுகள். துணி பட்டும் அவை அசையவில்லை. ஓரத்தில் ஒன்று பெயர்ந்த இடம் செக்கச் சிவந்திருந்தது. அதற்குமேல் நான் தொடவில்லை. சுரண்டினால் இரத்தம் கசியும். பசியோடு மார்பில் வாய் வைப்பாள், உடனே விலகி அழுவாள்.

கன்டிடா என்ற பங்கசுதான் காரணம் என்றார் வைத்தியர். அது பெரியவர்களின் உடலிலும் சாதாரணமாக வாழ்வது. எதிர்ப்புச்சக்தி முதிராத பச்சைக் குழந்தையின் வாயில் எளிதில் பெருகிவிடும். தாயோ பிள்ளையோ அன்டிபயோட்டிக் எடுத்திருந்தால் இன்னும் எளிது. சிசேரியனுக்குப் பிறகு எனக்கு அது தந்திருந்தார்கள்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எரிவு இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது. பால் கொடுத்து முடித்த பின்னும் முலைக்காம்பில் நெருப்புப் பட்டது போன்ற வலி. பிள்ளை பிடிக்கும் விதம் சரியில்லாவிட்டாலும் இப்படி வலிக்கும் என்பதால், முதலில் என்னைப் பால் கொடுக்கச் சொல்லிப் பார்த்தார். அதன் பின்னரே இருவருக்கும் சேர்த்து மருந்து எழுதினார். இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: தாய்க்கும் தொற்று இருந்தால் இருவருக்கும் ஒரே காலத்தில் மருந்து வேண்டும். பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் வாயிலிருந்து மார்புக்கும் மார்பிலிருந்து வாய்க்குமாக அது திரும்பத் திரும்ப வரும்.

மகளுக்கு நிஸ்டாட்டின் சொட்டுமருந்து, நாளுக்கு நான்கு தடவை. பால் குடித்த பின் கொடுத்தால்தான் மருந்து வாயில் தங்கும். துளிகுழாயால் இரு கன்னத்துக்குள்ளும் பிரித்து விட்டேன். திட்டுகள் மறைந்த பின்னும் இரண்டு நாள் தொடரச் சொன்னார்கள். எனக்குப் பூசும் களிம்பு. தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. கொழும்புப் புழுக்கத்தில் மார்புத் துணி நனைந்தபடியே இருந்தால் பங்கசுக்கு அது கொண்டாட்டம், ஈரமானவுடன் மாற்றிவிடுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தந்தை

ஒன்றைச் சேர்க்கிறேன். மூத்தவனுக்கு முன்பு கொடுத்த மைக்கோனசோல் ஜெல்லையே சின்னவளுக்கும் வாங்கப் பாமசிக்குப் போனேன். மருந்தாளர் வயதைக் கேட்டுவிட்டுத் தர மறுத்தார். அந்த ஜெல் தடிப்பானது; நான்கு மாதம் நிறையாத பிள்ளையின் தொண்டையில் அடைத்து மூச்சுத் திணறலாம் என்று விளக்கினார். வரிசையில் ஆட்கள் நின்றபோதும் பொறுமையாகச் சொன்ன அந்த மனிதருக்கு என்றும் நன்றி. ஒரு பிள்ளையின் மருந்தை மற்றப் பிள்ளைக்கு வைத்தியரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு அம்மம்மா

எங்கள் காலத்தில் வாய்ப்புண் என்றால் நாக்கில் தேன் தடவுவோம். பேரன் பிறந்தபோது வீட்டுக்கு வந்த மருத்துவமாது, ஒரு வயது நிறையும் வரை தேன் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். தேனில் இருக்கக்கூடிய கிருமி பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோயைத் தரும். என் வயதுப் பெண்கள் இதைக் கேட்டு வருத்தப்பட வேண்டாம். பிள்ளையின் உயிரைவிட வழக்கம் பெரிதல்ல.

தெஹிவளையிலிருந்து ஒரு தாய்

எங்கள் மகனுக்கு வாயில் மட்டுமல்ல, பம்பர்ஸ் கட்டும் இடத்திலும் சிவந்த தடிப்பு, அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள். சூப்பிப் போத்தலும் பாவிக்கிறோம். என்ன செய்யலாம்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்

அந்தத் தடிப்பையும் வைத்தியருக்குக் காட்டுங்கள் தங்கச்சி. அதுவும் இதே பங்கசாக இருக்கலாம், அதற்கு வேறு களிம்பு தருவார்கள். சூப்பி, போத்தல், பால் எடுக்கும் கருவியில் பால் படும் பாகங்கள் எல்லாவற்றையும் கழுவித் தினமும் கொதிநீரில் அவித்தெடுங்கள். பம்பர்ஸ் மாற்றிய கையை உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் அன்றே கொண்டுபோங்கள். மருந்து தொடங்கி ஒரு வாரமாகியும் திட்டுகள் குறையாவிட்டால் மறுபடி காட்டுங்கள்.