மறு: செப்சிஸில் நோயெதிர்ப்பு தறிகெடுவதைக் குறிக்க ‘மிகையெதிர்வினை’ சரிதானா?

> செப்சிஸில் நோயெதிர்ப்பு மண்டலம் அளவு மீறிப் பொங்குகிறது, அவ்வளவுதானே? ‘மிகையெதிர்வினை’ என்றே வைத்துக்கொள்ளலாம். எளிமையாகவும் இருக்கிறது.

வணக்கம் நண்பர்களே,

செப்சிஸ் என்பது நோய்த்தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையே உறுப்புகளைக் கெடுக்கும் நோய். அந்த எதிர்வினை தறிகெடுவதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘மிகையெதிர்வினை’ என்று வைப்பதில் எளிமைக்குக் குறையில்லை. ‘மிகை’தான் இடறுகிறது. அது பாதி நோயை மட்டும் சொல்லும் சொல்.

1992-இல் வெளியான வரையறையில் உடல் வெப்பநிலை, நாடித்துடிப்பு, மூச்சு வேகம், வெள்ளணு எண்ணிக்கை ஆகிய நான்கில் இரண்டு மாறியிருந்து, நோய்த்தொற்றும் இருந்தால் அது செப்சிஸ். அழற்சி மிகுவதே நோய் என்ற பார்வை அதன் அடியில் இருந்தது. அப்படியானால் அழற்சியை அடக்கினால் நோயாளி பிழைக்க வேண்டும். டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் மருந்துகளை 1990-களில் பெரிய அளவில் சோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. 2016-இல் வந்த வரையறை ‘மிகை’ என்று சொல்லவே இல்லை. தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை ஒழுங்கு தவறி, அதனால் உறுப்புகள் உயிருக்கு ஆபத்தான அளவில் செயலிழப்பதே செப்சிஸ் என்கிறது. நாம் தமிழாக்க வேண்டியது அந்த ‘ஒழுங்கு தவறி’ என்பதைத்தான்.

உள்ளே நடப்பதைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சிலவகை பாக்டீரியாக்களின் வெளியுறையில் லிப்போபாலிசாக்கரைடு என்ற மூலக்கூறு இருக்கிறது. பெருவிழுங்கி அணுக்களின் மேலுள்ள டோல் வகை ஏற்பி 4 அதை அடையாளம் கண்டதும் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 போன்ற சைட்டோகைன்கள், அதாவது அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் புரதங்கள், வெளிப்படுகின்றன. சிறு காயத்தில் இது அந்த இடத்தோடு நின்றுவிடும். செப்சிஸில் உடல் முழுக்கப் பரவுகிறது. நைட்ரிக் ஆக்சைடால் நாளங்கள் விரிகின்றன, நுண்நாளச் சுவர்கள் கசிகின்றன, இரத்த அழுத்தம் விழுகிறது. இன்னொரு பக்கம் இரத்த உறைதல் முடுக்கப்பட்டு நுண்நாளங்களில் உறைகட்டிகள் அடைக்கின்றன. தட்டணுக்களும் உறைவுக் காரணிகளும் அதில் தீர்ந்துபோவதால் அதே நோயாளிக்கு இரத்தக்கசிவும் வரலாம். நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்கள் தம் டிஎன்ஏவையே வலையாக வீசிக் கிருமியைப் பிடிக்கும் என்று 2004-இல் கண்டறிந்தார்கள். அந்த வலைகளும் செப்சிஸில் நாளச் சுவரைப் புண்ணாக்கி, உறைதலைக் கூட்டுகின்றன.

இதுவரை ‘மிகை’ பொருந்துகிறது. ஆனால் அதே உடலில், பெரும்பாலும் அதே நேரத்தில், லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் திட்டமிட்ட உயிரணு இறப்பால் கூட்டங்கூட்டமாக மடிகின்றன. மோனோசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களின் மேல் எச்எல்ஏ-டிஆர் என்ற புரதம் குறைகிறது. கிருமியின் துண்டை எடுத்துக் காட்டி மற்ற அணுக்களை எழுப்பும் வேலை அதனால் நின்றுபோகிறது. லிம்போசைட்டுகளில் ஒரு வகையான டி அணுக்களில் பிடி-1 என்ற தடுப்பு ஏற்பி கூடி, அவை செயலற்றுப் போகின்றன. முதல் தொற்றைத் தாண்டிய நோயாளியை இரண்டாவது தொற்று பிடிப்பதும், உடலில் ஒளிந்திருந்த ஹெர்ப்பிஸ் குடும்ப வைரஸ்கள் தலைதூக்குவதும் இதனால்தான். இதை எப்படி ‘மிகையெதிர்வினை’ என்பது?

> ‘தன்னெதிர்ப்பு’ அல்லது ‘பிறழ்வு’?

தன்னெதிர்ப்பு வேறு நோய்க்கூட்டம். அங்கே சொந்தத் திசுவே இலக்கு. இங்கே இலக்கு கிருமிதான். திசு இடையில் சிக்கிச் சேதமாகிறது. ‘பிறழ்வு’ என்றால் மரபணுப் பிறழ்வுதான் மாணவர் நினைவுக்கு வரும். ‘ஒழுங்கின்மை’யை இயற்பியல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், தவிர, அது ஒரு நிலையைச் சொல்கிறதே ஒழிய, நடந்துகொண்டிருப்பதைச் சொல்லவில்லை.

என் பரிந்துரை: நெறிகுலைவு. மரபணு, சுரப்பி பற்றிய பாடங்களில் நெறிப்படுத்தல் என்று ஏற்கனவே எழுதுகிறோம். அது குலைவது நெறிகுலைவு. கூடியதா குறைந்ததா என்று சொல் முன்கூட்டியே தீர்ப்பளிக்காது. நெறிகுலைகிறது, நெறிகுலைந்த, நெறிகுலைவு என வினையாகவும் பெயரெச்சமாகவும் பெயராகவும் வளையும். நிலைகுலைவு போலவே ஒற்று மிகாது. ‘நெறிக்குலைவு’ என்று யாரும் திருத்திவிட வேண்டாம்.

செப்சிஸுக்கே தமிழ் தேடும் முயற்சியில் எனக்கு ஆர்வமில்லை. ‘குருதிநச்சு’, ‘சீழ்ப்பிடிப்பு’ இரண்டுமே வழி தவறச் செய்யும். கணிசமான நோயாளிகளின் இரத்த வளர்ப்புச் சோதனையில் கிருமியே வளராது. வைரஸாலும் செப்சிஸ் வரும். அங்கே சீழ் எங்கே? கிரேக்க மூலத்துக்கு அழுகல் என்று பொருள். அதைத் தமிழில் பெயர்த்து யாருக்கு என்ன லாபம்?

----

ஐயா, நெறிகுலைவு எனக்கும் உடன்பாடே. தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நிற்கும் உறவினரிடம் நான் அந்தச் சொல்லைச் சொல்லப்போவதில்லை. “கிருமியோடு சண்டை போடுறப்ப உடம்பு தன்னையே காயப்படுத்திக்குது, சண்டை போடுற சக்தியும் குறைஞ்சுபோச்சு” என்பேன். நெறிகுலைவு பாடநூலுக்கு ஆகும்.

நீங்கள் சொன்ன இரண்டாம் பாதிக்கு, அதாவது நோயெதிர்ப்பு செயலற்றுப்போவதற்கு மட்டும் தனியாக ஒரு பெயர் வேண்டுமே. ‘முடக்கம்’ என்றால் கைகால் முடக்கம் என்று படிப்பார்கள். ‘ஒடுக்கம்’ என்றால் உறுப்பு மாற்றத்துக்குப் பிறகு நாங்கள் மருந்து கொடுத்துச் செய்வதாகிவிடும். ‘நோயெதிர்ப்பு அயர்வு’ எப்படி?

----

அம்மா, அயர்வை டி அணுக்களுக்கென்றே விட்டுவைப்போம். நாட்பட்ட தொற்றிலும் புற்றிலும்கூட அதே டி அணு அயர்வைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. மோனோசைட்டு உட்பட மொத்தமும் செயலற்றுப்போவதற்கு ‘நோயெதிர்ப்பு முடக்கம்’ இருக்கட்டும். முன்னொட்டு கூடவே வருவதால் கைகாலோடு குழம்பாது.

பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன், மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்:

“செப்சிஸ்: நோய்த்தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை நெறிகுலைவதால், உயிருக்கு ஆபத்தான அளவில் உறுப்புகள் செயலிழக்கும் நிலை. இந்நெறிகுலைவில் கட்டுமீறிய அழற்சியும் நோயெதிர்ப்பு முடக்கமும் ஒருங்கே நிகழலாம்.”