யூனிவர்சிட்டியில் படித்துக்கொண்டே பெண்களுக்கு ஃபிட்னஸ் டிரெய்னர் ஆக முடியுமா? (டர்பன், தென்னாப்பிரிக்கா)

கேள்வி: வெஸ்ட்வில்_மாணவி

எல்லோருக்கும் வணக்கம். குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் பி.காம் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். அப்பா சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு கோயிலில் அர்ச்சகர். கும்பகோணத்திலிருந்து குடும்பத்தோடு வந்தோம், எனக்குப் படிப்பு விசா.

ஜிம்மில் வெயிட் தூக்க ஆரம்பித்ததிலிருந்து அக்கவுன்ட்ஸ் புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி வருகிறது. காவடி முடிந்த கையோடு கோயில் ஆன்ட்டிகள் நாலைந்து பேர் பிடித்துக்கொண்டார்கள். "எங்களுக்கும் சொல்லிக்குடும்மா, டாக்டர் நடக்கச் சொல்றார், முட்டி விடமாட்டேங்குது" என்கிறார்கள். பெண்களுக்கு மட்டும் டிரெய்னர் ஆனால் என்ன என்று தோன்றிவிட்டது. அம்மாவுக்கோ ஒரே கவலை: "அர்ச்சகர் வீட்டுப் பொண்ணு லெகிங்ஸ் மாட்டிக்கிட்டு ஆம்பளைங்க நடுவுல நிக்கணுமா?"

எந்தச் சான்றிதழ் எடுக்க வேண்டும்? படிப்பு கெடாமல் முடியுமா? ஆன்ட்டிகளிடம் காசு கேட்கலாமா, அல்லது கோயில் மனுஷர்கள் என்று சும்மா செய்ய வேண்டுமா? பி.காமை விட்டுவிட்டு இதையே படிக்கலாமா என்றுகூட ஒரு யோசனை ஓடுகிறது.

பதில்: பேப்பர்_அண்ணன்

மற்றதெல்லாம் அப்புறம், முதலில் விசா. படிப்பு விசாவில் இருப்பவர்கள் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. ஜிம்மில் சம்பளத்துக்கு நிற்பது ஒன்று, தனியாக ஆள் சேர்த்து உன் பெயரில் காசு வாங்குவது வேறொன்று. இரண்டாவதைத் தொடங்குமுன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் போய் வாயால் கேட்காமல் எழுத்தில் வாங்கிக்கொள். பி.காமை விடுவதும் அப்படித்தான். நீ என்ன படிக்கிறாய் என்பதை வைத்துத்தான் விசாவே. மனசு மாறியதற்கெல்லாம் உள்துறைக்காரன் இரங்க மாட்டான்.

பதில்: பீனிக்ஸ்_அக்கா

தங்கச்சி, நான் திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். யூனிசா என்கிற தொலைதூரக் கல்விப் பல்கலைக்கழகத்தில் வீட்டிலிருந்தபடியே படித்துக்கொண்டுதான் டிரெய்னர் ஆனேன், அதனால் முடியுமா என்ற கேள்விக்கு நானே பதில். பி.காமை விடாதே. இந்தத் தொழிலில் கணக்குத் தெரிந்தவர்கள் ரொம்பக் கம்மி. நல்ல நல்ல டிரெய்னரெல்லாம் மாதக் கடைசியில் யார் எவ்வளவு பாக்கி என்று தெரியாமல் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சான்றிதழுக்கு ஈ.டி.ஏ., எச்.எஃப்.பி.ஏ. மாதிரி அகாடமிகள் இருக்கின்றன, ஆன்லைனிலும் படிக்கலாம். இந்த நாட்டில் பழைய தொழில் தகுதிகளையெல்லாம் கியூ.சி.டி.ஓ. என்கிற அரசு அமைப்பின் கீழ் மாற்றிக்கொண்டு வருகிறார்கள். ஆகையால் காசு கட்டுமுன் இரண்டே கேள்வி கேள்: கியூ.சி.டி.ஓ. அங்கீகாரம் இருக்கிறதா, இதை வைத்து டிரெய்னர்களுக்கான ரெப்ஸ்எஸ்ஏ பதிவேட்டில் சேரலாமா? மழுப்பினால் வேறு இடம் பார். கூடவே முதலுதவி, சி.பி.ஆர். கற்றுக்கொள். பொறுப்புக் காப்பீடும் எடு. யாராவது வழுக்கி விழுந்தால் "நம்ம பொண்ணுதானே" என்கிற பேச்சு ஒரு வாரம்கூடத் தாங்காது.

பெரிய ஜிம்மைப் பற்றி இப்போதைக்கு நினைக்காதே. அங்கே டிரெய்னர் என்றால் பெரும்பாலும் சம்பள வேலை கிடையாது. நீதான் அவர்களுக்கு மாத வாடகை கட்டி ஆள் பிடிக்க வேண்டும். பரீட்சை வருகிற ஜூனிலும் நவம்பரிலும் ஆள் வராது, வாடகை மட்டும் வரும். உன் கையில் இருக்கிற ஆன்ட்டிகள்தான் உனக்கு முதல். அம்மாவின் ஆம்பளைப் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது.

இனி நான் சொல்வதை எந்த கோர்ஸிலும் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டார்கள். நம் ஆன்ட்டிகளில் பாதிப் பேருக்கு சுகர், மீதிக்கு பிரஷர், சிலருக்கு இரண்டும். முதல் நாள் உடற்பயிற்சியே வேண்டாம். மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொல்லி ஒரு நோட்டில் எழுது. வெறும் மெட்ஃபார்மின் என்றால் பெரிய பயமில்லை. இன்சுலினோ, கிளிக்லசைட் வகை மாத்திரையோ இருந்தால் கவனம், பயிற்சியின்போது சுகர் தடாலென்று இறங்கலாம். ஆரம்பிக்குமுன் விரலில் குத்திப் பார்த்து சுகர் 5-க்குக் கீழே (இங்கே மில்லிமோல் கணக்கு) இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகுதான் தொடங்க வேண்டும். வெள்ளிக்கிழமை விரதம் என்று வாயைத் திறக்க மாட்டார்கள், நீதான் கேட்க வேண்டும். நடுவில் கை நடுங்கி, குப்பென்று வேர்த்து, பேச்சு குழறினால் மூன்று நான்கு டீஸ்பூன் சீனி தண்ணீரில் கலந்து கொடு, கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார். பீட்டா பிளாக்கர் வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதயத் துடிப்பு சரியாக ஏறாது. கையில் கட்டுகிற வாட்ச் காட்டுகிற எண்ணை நம்பாதே. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி.

பயிற்சிக்கு முதலில் பிளாஸ்டிக் நாற்காலி போதும். அது வழுக்கும், முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடு. ஆன்ட்டியை நுனிக்கு வந்து உட்காரச் சொல். பாதம் முட்டிக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கட்டும். தாலிச்சங்கிலி முன்னால் ஊசலாடும், அதை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்ளச் சொல். இப்போது கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொல். முதல் வாரம் தொடையைப் பிடித்துத்தான் எழுவார்கள், எழட்டும். முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்பதை மட்டும் பார். அப்புறம் அரிசி மூட்டை. பத்துக் கிலோ மூட்டையை கார் டிக்கியிலிருந்து இடுப்பு வளைத்து இழுப்பவர்கள்தான் எல்லோரும், அதையே ஒழுங்காகத் தூக்கச் சொல்லிக்கொடுத்தால் அதுதான் ஜிம்மில் தரையிலிருந்து வெயிட் தூக்குகிற டெட்லிஃப்ட். கைக்கு நான் கொடுத்தது இரண்டரைக் கிலோ சீனிப் பாக்கெட். சுகர்க்காரர்கள் வீட்டிலும் அது குறைவில்லாமல் இருக்கும்!

வாரத்தில் இரண்டு நாள் இப்படித் தசைக்கு, அதற்கு மேல் நடை மட்டும் வாரத்துக்கு 150 நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் கேட்கிற குறைந்தபட்சம் அவ்வளவுதான். எடையைப் பற்றிப் பேச்செடுக்காதே. இஞ்ச் டேப்பை இடுப்பில் வை. நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லை.

காசு வாங்கு. சும்மா செய்தால் மூன்றாவது வாரம் பாதிப் பேர் வர மாட்டார்கள், வருகிறவர்களும் பதினைந்து நிமிஷம் பிந்தி வருவார்கள். காசு கொடுக்க முடியாத ஆயாக்களை மட்டும் சும்மா சேர்த்துக்கொள், அது உன் புண்ணியம். பாட்டுப் போட்டு வகுப்பு நடத்தினால் இசை உரிமை அமைப்பான சாம்ரோவின் உரிமம் வேண்டும், அதையும் கட்டணத்தில் சேர். ஒரே ஒரு எச்சரிக்கை, ஆன்ட்டிகள் குனிந்து நிற்கிற படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிடாதே. தனிப்பட்ட தகவலைக் காக்கிற போப்பியா சட்டம் ஒரு பக்கம், அவர்களுடைய மருமகள்கள் இன்னொரு பக்கம்.

பதில்: பயோ_வெஸ்ட்வில்

அக்கா சொன்னதோடு ஒன்று. முட்டி மாற்று அறுவை செய்தவர்கள், நெஞ்சுவலி வந்தவர்கள், பிரசவமாகி வயிற்றுத் தசை பிரிந்தே இருப்பவர்கள், இவர்களையெல்லாம் டிரெய்னர் தனியாகக் கையாளக் கூடாது. அதற்கு பயோகினெட்டிசிஸ்ட் இருக்கிறார், உடற்பயிற்சியால் சிகிச்சை தருபவர், எச்.பி.சி.எஸ்.ஏ. என்கிற மருத்துவத் தொழில் கவுன்சிலில் பதிவு செய்தவர். உன் வளாகத்திலேயே அந்தத் துறை இருக்கிறது, போய்ப் பேசு. இதில் ஆழமாக இறங்க ஆசை என்றால் பி.காம் முடித்தபின் அந்தப் பக்கம் வருவதைப் பற்றியும் அங்கேயே கேட்கலாம். கர்ப்பிணிகள் வந்தால் டாக்டர் கடிதம் வாங்கிக்கொள், மூன்று மாதம் தாண்டியபின் நெடுநேரம் மல்லாக்கப் படுக்கவைக்காதே.

வெஸ்ட்வில்_மாணவி

அக்கா, உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சீனிப் பாக்கெட்டில் சிரித்துவிட்டார். வழக்கறிஞரிடம் நேரம் வாங்கியாயிற்று, அதுவரை இலவசமாகத்தான். கோயில் மண்டபத்தைச் சனிக்கிழமை காலையில் தர அப்பா கமிட்டியிடம் பேசுகிறாராம். ஒரே சிக்கல், மண்டபத்துக்குள் டாக்கீஸ் (ஸ்போர்ட்ஸ் ஷூ) போடக் கூடாதாம். வெறுங்காலில் செய்யலாமா?

பீனிக்ஸ்_அக்கா

சுகர்க்காரர்கள் கூடாது. பல பேருக்குப் பாதத்தில் உணர்ச்சி மட்டாக இருக்கும். குண்டூசி குத்தினாலும் தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். வெளியே போடாத புது டாக்கீஸ் ஒரு ஜோடி வாங்கி, பெயர் எழுதிய பையில் போட்டு மண்டபத்திலேயே வைத்துவிடலாமா என்று அப்பாவிடம் கேள். தெருவில் படாத செருப்பு என்றால் கமிட்டிக்காரர்கள் இறங்கி வருவார்கள். அதுவும் இல்லையென்றால் மண்டபத்துக்கு வெளியே நிழல் இருக்கிற கார் பார்க்கில் காலை ஆறு மணிக்குத் தொடங்கு. ஏழரைக்கு மேல் டர்பன் வெயிலில் யாரும் நிற்க மாட்டார்கள்.