குளிர் வந்ததும் மைலேஜ் சரிந்துவிட்டது

டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறேன். 2016 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 1.2 லிட்டர் எஞ்சின், மேனுவல் கியர், 68,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அக்டோபர் வரை லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்த வண்டி, டிசம்பர் நடுவிலிருந்து 10-ஐத் தாண்டவில்லை. டேங்கை நிரப்பி மூன்று முறை கணக்குப் பார்த்துவிட்டேன். தினமும் கன்னாட் பிளேஸ் போய்த் திரும்புகிறேன். பாதை மாறவில்லை, ஓட்டுபவனும் மாறவில்லை.

டயர்களில் காற்று 33 பிஎஸ்ஐயிலிருந்து 27-க்கு இறங்கியிருந்தது. குளிரில் அப்படி இறங்கும் என்று தெரியும். நிரப்பினேன், பெரிய மாற்றம் இல்லை. ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் புதிது. பிரேக் விடாமல் சக்கரத்தைப் பிடித்து இழுக்கவும் இல்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் அளவும் சரி. மெக்கானிக் "குளிரில் எல்லா வண்டியும் இப்படித்தான்" என்கிறார். போன ஜனவரியில் இதே குளிரில் 13 கொடுத்ததே!

எனக்கு உறுத்துவது வேறு. இருபது நிமிடம் ஓட்டியும் டேஷ்போர்டில் எஞ்சின் வெப்பத்தைக் காட்டும் முள் கால்பங்கைத் தாண்டுவதில்லை. சிக்னலில் நின்றால் மெல்ல ஏறுகிறது, மேம்பாலத்தில் வேகமெடுத்தால் மறுபடி விழுகிறது. ஹீட்டரில் வெதுவெதுப்பான காற்றுதான். மனைவி காருக்குள்ளும் சால்வையைக் கழற்றுவதில்லை. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை.

தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகாமல் தடுக்கும் வால்வு) திறந்தபடியே சிக்கிக்கொண்டு, எஞ்சின் சூடாகாமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கிறது என்பது என் சந்தேகம். இன்னொரு மெக்கானிக், எஞ்சின் கணினிக்குச் சூட்டைத் தெரிவிக்கும் கூலன்ட் வெப்ப சென்சாரை மாற்றச் சொல்கிறார். இரண்டையும் மாற்றிப் பணத்தை இறைக்க மனமில்லை.

எதையும் கழற்றாமல், பழுது தெர்மோஸ்டாட்டிலா சென்சாரிலா என்று வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?