புதுப்பிப்பு: நியூயார்க் பொது நூலகத்தில் தவணை தாண்டிய நூலும் டிவிடியும் – கணக்கு சரியாகிவிட்டது

ஒரு மாதத்துக்கு மேல் தாமதமான ஒரு நூலுக்கும் டிவிடிக்கும் மாற்றுக் கட்டணம் (தொலைந்ததாகக் கருதும் பொருளின் விலை) ஏறிவிட்டது, கட்டுவதா திருப்பித் தருவதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "பணத்தைக் கட்டாதீர்கள், பொருளைக் கொண்டுபோய்க் கொடுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது.

அந்த நூலகத்தில் தாமத அபராதம் 2021 அக்டோபரிலேயே நீக்கப்பட்டுவிட்டது. சுமார் ஒரு மாதம் தாண்டினால் பொருளைத் தொலைந்ததாகக் கருதி அதன் விலையைக் கணக்கில் ஏற்றுகிறார்கள். திருப்பித் தந்துவிட்டால் அந்தத் தொகை போய்விடும். பெரியவர்களின் கணக்கில் இது 100 டாலரை எட்டினால் மேற்கொண்டு அச்சு நூல், டிவிடி எடுக்க முடியாது.

எதிர்பாராதது ஒன்று: கணக்கிலிருந்து நூலின் பெயர் உடனே நீங்கியது, டிவிடி மட்டும் அப்படியே நின்றது. வெறும் உறைதான் நூலகத்துக்குப் போயிருந்தது, வட்டு வீட்டு பிளேயருக்குள்ளேயே இருந்தது. வட்டைக் கவுன்டரில் நேரில் கொடுத்த பிறகே அதுவும் நீங்கியது. ஆகவே நூலகத்தில் பொருளைத் திருப்பிப் போடும் பெட்டியில் போடும் முன் உறையைத் திறந்து பாருங்கள். டிவிடியைக் கவுன்டரில் கொடுப்பதே நல்லது, அங்கேயே சரிபார்த்துவிடலாம்.

தாமதத்துக்குக் காரணமும் தெரிந்தது. வேறொருவர் முன்பதிவு செய்திருந்தால் தவணையை நீட்டிக்க முடியாது. நூலக மின்னூல்களை இரவல் தரும் லிபி (Libby) செயலியில் எடுக்கும் மின்னூலுக்கு இந்தக் கவலையே இல்லை, தவணை முடிந்ததும் தானாகத் திரும்பிவிடும்.