அம்மம்மா 31 – வீட்டு அலுவல்

வசந்தி: அடுத்த சனி அம்மாவின்ர 31ஆம் நாள் வீட்டுக்கிருத்தியம். சுதா, நீயும் பிள்ளையும் மேல அம்மாவின்ர அறையில படுக்கலாம். தொட்டிலை யன்னலடியில போட்டிருக்கிறன், வெளிச்சம் வரும்.

வசந்தி: 📷 படம்

றஞ்சன்: நல்லது. சாப்பாடு ஆரிட்டச் சொன்னது?

குமரன்: சித்தி, தொட்டிலை யன்னலடியில விடாதேங்கோ. படத்தில, துணியைக் கயிறால மடிச்சு ஏத்திற பழைய ரோமன் பிளைண்ட் ஒண்டு தெரியுது, மற்ற யன்னலில மணிச்சங்கிலியால சுருட்டிற ரோலர் பிளைண்ட். சுதா, பிள்ளைக்கு எத்தினை மாசம்?

சுதா: 22

குமரன்: ஆகப் பயப்பிட வேண்டிய வயசு. இந்தப் பிளைண்ட் கயிறுகள் கழுத்தில இறுகிச் செத்த பிள்ளையளில கனபேர் 16 மாசத்துக்கும் 36 மாசத்துக்கும் இடையில. ஏறத் தெரியும், கழுத்தில மாட்டினதைக் கழட்டத் தெரியாது. உடம்போட பாக்கத் தலைப்பாரம் கூட. 15 செக்கனில நினைவு போகலாம், 2–3 நிமிசத்தில உயிர் போயிடும். சத்தம் வராது. பக்கத்து அறையில இருந்தாலும் கேக்காது.

தேவி: முருகா

வசந்தி: கயிறை மேல முடிஞ்சு விட்டிருக்கிறன் தம்பி. எட்டாது.

குமரன்: முடிச்சு அவிழும் சித்தி. ரெண்டு கயிறைச் சேர்த்து முடிஞ்சா அதுவே புதுசா ஒரு வளையம். ரோமனில முன்னுக்குத் தொங்கிறது மட்டுமில்லை, துணியைத் திருப்பிப் பாருங்கோ. பின்னால சின்ன வளையங்களுக்குள்ளால கயிறு ஓடும். பிள்ளை வெளியில எட்டிப் பாக்கவெண்டு துணிக்குப் பின்னால போகேக்க, கயிறுக்கும் துணிக்கும் இடையில தலை போயிடும். சுவரில கொளுக்கி வச்சுக் கயிறைச் சுத்தி விட்டும் அதைத் திருத்தேலாது. கழட்டத்தான் வேணும்.

வசந்தி: அது அம்மா விரும்பித் தைப்பிச்சது

றஞ்சன்: காசு குடுத்தது நான்

தேவி: இப்ப அந்தக் கதை வேண்டாம் றஞ்சன்

பவி: பெரியம்மா, 60 பேருக்கா 80 பேருக்கா? கடையில இண்டைக்குச் சொல்லட்டாம்

தேவி: 80. வடை கூட

சுதா: இங்க லண்டனில 1.5 மீட்டர் உயரத்தில கொளுக்கி வைக்கச் சொல்லுவினம் அண்ணா. அப்பிடிச் செய்தாக் காணாதா?

குமரன்: அவுஸ்திரேலியாவில 1.6. ஆனா ஒவ்வொரு முறையும் கயிறைச் சுத்தி வைக்கவேணும். 80 பேர் வந்து போற வீட்டில ஆர் சுத்துவினம்? பிள்ளை கதிரையில ஏறினா 1.6ம் எட்டும். இங்க கனடாவில 2019 சட்டப்படி, எட்டுற கயிறு இழுத்தாலும் 22 செ.மீ.க்கு மேல வரக்கூடாது, வளையம் எண்டா சுற்றளவு 44. அவ்வளவுக்குள்ள கழுத்தைச் சுத்தவும் ஏலாது, தலைக்குள்ளால போடவும் ஏலாது. சித்தி வீட்டில இருக்கிறதெல்லாம் அதுக்கு முந்தினது.

றஞ்சன்: அப்ப எல்லாம் குப்பையோ

குமரன்: இல்லை மாமா, ரோலர் இருக்கட்டும். சங்கிலியின்ர அடியைப் பிளாஸ்டிக் பிடிக்குள்ள போட்டு, தொய்வில்லாமக் கீழ இழுத்துச் சுவரில 2 ஸ்க்ரூ. ட்ரைவோலில, அதுதான் ஜிப்சம் பலகைச் சுவரில, வெறும் ஸ்க்ரூ நிக்காது, அதைப் பிடிச்சு வைக்கிற ஆங்கர் வேணும். ஒட்டுற ரேப் சரிவராது, பிள்ளை தொங்கினாக் கையோட வந்திடும். மெத்த இறுக்கினாலும் பிழை, சங்கிலி ஓடாது. பிறகு ஆரோ ஒரு ஆள் அதைக் கழட்டி விட்டிடுவினம்.

குமரன்: பவி, கீழ ஹோலில மெல்லிய தட்டுகள் அடுக்கின மினி பிளைண்ட் எத்தினை? முழுசா இறக்கிவிட்டுப் பார். மேல்பெட்டிக்குக் கீழ 1–2 அங்குலத்தில, இழுக்கிற கயிறில, அது மேலதிகமா ஓடாம மறிக்கிற குட்டி ஸ்டொப்பர் இருக்கவேணும். அது இல்லாட்டித் தட்டுகளுக்கு நடுவால ஓடுற கயிறைப் பிள்ளை இழுக்க இழுக்க நீளமா வந்து வளையமாகும்.

பவி: 3. ஒண்டில ஸ்டொப்பர் இல்லை. மூண்டிலயும் கயிறெல்லாம் ஒரே குஞ்சத்திலதான் முடியுது

பவி: கத்தரிக்கோலால வெட்டட்டா?

குமரன்: இறக்கின நிலையில, குஞ்சத்துக்கு மேல வெட்டு. ஒவ்வொரு கயிறுக்கும் தனிக் குஞ்சம். ஏத்தி வச்சு வெட்டினா, இறக்கேக்க கயிறு பெட்டிக்குள்ள போயிடும், பிறகு ஏத்தேலாது. ஸ்டொப்பர் நான் கொண்டு வாறன். அதுவரைக்கும் சோபாவை யன்னலடியில இருந்து இழுத்து விடு.

சுதா: நான் கமரா கொண்டு வாறன், தொட்டிலோட பூட்ட

குமரன்: தொட்டிலில பூட்டாத! அதின்ர வயரும் கயிறுதான். 1 மீட்டராவது தள்ளி இருக்கவேணும்.

தேவி: நாங்கள் இவ்வளவு பேர் இருக்கிறம், பாத்துக்கொள்ளுவம்தானே

குமரன்: அம்மா, இது நித்திரைக்குப் போட்டாப் பிறகு, அறையில ஆளில்லாத நேரம் நடக்கிறது.

வசந்தி: அம்மாவின்ர அறையை வெறும் யன்னலாப் பாக்க ஏலாதடா

குமரன்: துணி இருக்கட்டும் சித்தி. பின்னால இருக்கிற கயிறு, வளையம், தடி எல்லாத்தையும் உருவிப்போட்டு, கம்பியில திரையாத் தொங்க விடுறன். ஏத்தி இறக்கேலாது, விலக்கலாம்.

வசந்தி: தையல் பிரியாதா

குமரன்: வளையம் தைச்ச நூலை மட்டும் வெட்டிறது. புதன் பின்னேரம் ட்ரில்லோட வரட்டா?

வசந்தி: புதன் ஐயர் வாறார் கதைக்க. யோசிச்சுச் சொல்லுறன்

சுதா: நான் வியாழன் 3.40க்கு இறங்கிறன்

குமரன்: அப்ப அதுக்கு முதல் சித்தி. தொட்டிலையாவது இண்டைக்கே உள்சுவர்ப் பக்கம் மாத்துங்கோ.

வசந்தி: தொட்டில் மாத்தியாச்சு

பவி: சுதாக்காவை எயார்போட்டில ஆர் ஏத்தப் போறது?

றஞ்சன்: எனக்கு வியாழன் வேலை