பிரிட்டன் ஐடிவி: விளம்பரம் இருந்தது, ஸ்பான்சர் ஏன் இல்லை?

கேள்வி: 1950களில் அமெரிக்காவில் நிகழ்ச்சிப் பெயரிலேயே சிகரெட் கம்பெனிப் பெயர் இருந்தது. பிரிட்டனின் தனியார் தொலைக்காட்சியான ஐடிவியும் விளம்பரக் காசில்தான் ஓடியது. அங்கே ஏன் அப்படி இருக்கவில்லை?

பதில் 1: 1954ஆம் ஆண்டு தொலைக்காட்சிச் சட்டம்தான் காரணம். பத்திரிகையில் இடம் வாங்குவதுபோல விளம்பரதாரர் நேரத்தை மட்டும் வாங்கலாம் என்று அப்போது இருந்தது. கதையிலோ நடிகர் தேர்விலோ கைவைக்க முடியவில்லை. 1955 செப்டம்பர் 22 இரவு வந்த முதல் விளம்பரம் கிப்ஸ் எஸ்ஆர் பற்பசை. பனிக்கட்டிக்குள் உறைந்த ட்யூப்தான் காட்சி.

பதில் 2: நேரக் கட்டுப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சராசரியாக மணிக்கு 6 நிமிடம், அதுவும் 'இயல்பான இடைவெளி'யில். அதற்குத் தோதாக நாடகத்தை அங்கங்கே முடிச்சுப் போட்டு எழுத வேண்டியிருந்தது. இன்னொன்று: பிள்ளைகளைத் தூங்கவைக்க வசதியாக மாலை 6 முதல் 7 வரை ஒளிபரப்பே கிடையாது. விளம்பரத்தை நம்பிய ஐடிவிக்கு அது நேரடி நஷ்டம். 1957 பிப்ரவரியில்தான் நீக்கினார்கள்.

பதில் 3: ஒரு ஓட்டை இருந்தது, விளம்பர இதழ் நிகழ்ச்சி. மதுக்கடையில் அரட்டை அடிப்பதுபோலவே பொருளின் பெருமையையும் விலையையும் சொல்லிவிடுவார்கள். நாடகமா விளம்பரமா என்று பார்ப்பவருக்குப் பிரித்தறிய முடியாது. அதனால் இந்த நிகழ்ச்சிகளுக்கு வந்த தடை நியாயமே. ஒளிபரப்பை ஆராய அரசு அமைத்த பில்கிங்டன் குழு 1962இல் கண்டித்தது, 1963இல் நிறுத்தினார்கள்.